ஆச்சி தப்பு பண்ணல: காரைக்குடியிலருந்து ஒரு திறந்த மடல்

ஆன்லைன் சேவை தளத்த நடத்துற அதிகாரிகளுக்கும், அத வடிவமைச்சு பராமரிக்கிற டீமுக்கும்,

உங்க அலுவலக வாசல்ல போன மாசம் ஒரு நோட்டீஸ் ஒட்டுனீங்க. வருசாவருசம் செய்ய வேண்டிய உதவித்தொகை புதுப்பிப்புக்கு இனிமே கையால எழுதுன பாரம் வாங்க மாட்டோம், அந்த கவுன்ட்டர மூடியாச்சு, எல்லாரும் இணையதளத்துலதான் போடணும்னு அதுல இருந்துச்சு. அதே வாரத்துல தளத்தையும் புதுசா மாத்துனீங்க. பழைய தளத்துல பாதி எழுதி சேமிச்சு வச்சிட்டு மறுநாள் வந்து மீதிய முடிக்கலாம், புதுசுல அந்த பட்டனே இல்ல. இந்த ரெண்டு முடிவும் ஒண்ணா சேந்து எங்க பக்கத்து வயசானவங்கள என்ன பாடு படுத்துதுன்னு உங்களுக்கு தெரிஞ்சிருக்காதுன்னு நம்பித்தான் எழுதுறேன். உங்க பேரு, அலுவலகத்து பேரு எதையும் நான் இதுல போடல. யாரையும் அவமானப்படுத்துறதுக்காக எழுதல, சரி பண்ணணும், அவ்வளவுதான்.

காரைக்குடி செக்காலை பக்கம் ஜெராக்ஸும் ஆன்லைன் வேலையும் பாக்குற சின்ன கடை என்னோடது. பதிமூணு வருசமாச்சு. ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், லேமினேசன் மெசின், வர்றவங்க உக்கார ஒரு பெஞ்சு. புதுவயல், கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர்னு சுத்துப்பட்டு ஊர்லருந்தெல்லாம் பஸ் ஏறி வருவாங்க. ஒண்ண முதல்லயே சொல்லிடுறேன். உங்க தளம் எவ்வளவுக்கு குழப்பமா இருக்கோ அவ்வளவுக்கு எனக்கு வருமானம், ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபா வாங்குறேன். தளம் ஒழுங்கா இருந்தா பாதிப்பேரு வீட்டுலயே பேத்தி போனுல முடிச்சிருவாங்க, என் கடைப்படி ஏற மாட்டாங்க. அப்படியே ஆகட்டும், எனக்கு சம்மதம், அதுக்குத்தான் இத எழுதுறேன்.

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாக்கிழமை காலையில ஆச்சி ஒருத்தங்க வந்தாங்க. 76 வயசு. செட்டிநாடுன்னா எல்லாரும் பணக்காரங்கன்னு வெளியூர்ல நெனைக்கிறாங்க, பத்து பதினஞ்சு பங்காளிக்கு பங்கு இருக்குற பெரிய வீட்டுல ஒரே ஒரு அறையில ஒத்தையா காலம் தள்ளுறவங்க எத்தனை பேருன்னு எங்களுக்குத்தான் தெரியும், இந்த ஆச்சி அதுல ஒருத்தங்க. மஞ்சப்பையில ஆதார், பாஸ்புக், பழைய உத்தரவு நகல், ரெண்டு போட்டோ, ஒவ்வொண்ணும் தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல. கூடவே ஒரு நாப்பது பக்க நோட்டு. அத தொறந்து காட்டுனாங்க, பால் கணக்கு, கரண்டு பில்லு, மருந்து செலவு, கோயிலுக்கு கட்டுன புள்ளி வரி, யார் வீட்டு கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதுனதுன்னு தேதி போட்டு, வரவு ஒரு பக்கம் பற்று ஒரு பக்கம், ஒரு அடித்தல் இல்லாம. பர்மாவுலயும் மலேயாவுலயும் கடை வச்சு சிட்டை பேரேடு ஐந்தொகைன்னு கணக்கு எழுதுனவங்க வீட்டு வழக்கம் அது, அந்த அம்மாவுக்கு இன்னும் கையில இருக்கு. தினமும் ராத்திரி கோலாலம்பூர்ல இருக்குற மகளோட வீடியோ கால் பேசுறாங்க. இத எதுக்கு இவ்வளவு விரிவா சொல்றேன்னா, பின்னாடி நீங்க “மக்களுக்கு கம்ப்யூட்டர் தெரியல”ன்னு சொல்லுவீங்க. முன்னாடியே ஒரு தடவை சொன்னீங்க.

“நானே அமுக்குறேன்த்தா, நீ பக்கத்துல இருந்து சொல்லு மட்டும், அடுத்த வருசம் உன்ன தொந்தரவு பண்ணக்கூடாதுல்ல”ன்னாங்க. சரி ஆச்சின்னு மவுச அவங்க கையில குடுத்துட்டு பக்கத்துல ஸ்டூல போட்டு உக்காந்தேன். நாலு பக்க பாரம். ஒவ்வொரு கட்டமா வாய்விட்டு படிச்சு, மெதுவா, ஒரு எழுத்து தப்பில்லாம டைப் பண்ணாங்க. நாப்பது நிமிசம் ஆச்சு. வேற ஆளுங்க வந்து நின்னாங்க, இருங்கன்னு சொல்லிட்டேன், ஏன்னா அவங்க முகத்துல அவ்வளவு சந்தோசம்.

நாலாவது பக்கத்து கடைசியில ரெண்டு பட்டன் இருக்கு. ரெண்டும் ஒரே நீலம், ஒரே அளவு, பக்கத்து பக்கத்துல. வலது பக்கம் “சமர்ப்பி”. இடது பக்கம் “தெளிவு”.

இந்த “தெளிவு” என்னன்னு டீம்ல இருக்குற யாராவது தமிழ் பக்கத்த ஒரு தடவை தொறந்து பாத்தீங்களா? கிளியர்ங்கிற இங்கிலீஷ் வார்த்தைய மொழிபெயர்க்கிற மெசின்ல போட்டு வந்தத அப்படியே ஒட்டியிருக்கீங்க. அது எழுதுனத எல்லாம் அழிக்கிற பட்டன். ஆச்சி அத படிச்சாங்க, “எல்லாம் தெளிவா இருக்குல்லத்தா, தெளிவுன்னு குடுத்துரவா”ன்னு கேட்டாங்க, நான் வாசல்ல நின்ன ஆளுக்கு பதில் சொல்லிக்கிட்டே திரும்பினேன், அதுக்குள்ள அமுக்கிட்டாங்க. நாலு பக்கமும் காலி. “அழிக்கவா?”ன்னு ஒரு கேள்வி கூட கேக்கல உங்க தளம். மேல ஏறி முதல் கட்டத்துல போய் நின்னுச்சு.

அவங்க கத்தல, கோவப்படல. மவுசிலருந்து கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. “நான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போலத்தா, எனக்குத்தான் ஒண்ணும் தெரியல”ன்னாங்க. அதுக்கப்புறம் அந்த மவுச தொடவே இல்ல. நீங்களே பண்ணிருங்கன்னுட்டாங்க, அதுவரைக்கும் நீன்னு கூப்பிட்டவங்க நீங்கன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு அதுதான் தாங்கல.

ஆச்சி தப்பு பண்ணல. தமிழ் தெரிஞ்ச யாரு படிச்சாலும் அந்த இடத்துல அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தந்தான் வரும். தப்பு நீங்க வச்ச பட்டன்ல இருக்கு, அந்த வெக்கத்த மட்டும் அவங்க தூக்கிட்டு போனாங்க.

ரெண்டாவது தடவை நான் உக்காந்து அடிச்சேன். ஓடிபி அவங்க மகன் நம்பருக்கு போகுது, அவரு சென்னையில வேலையில இருக்காரு, ரெண்டு தடவை கூப்பிட்டதுக்கு அப்புறம் எடுத்தாரு, நம்பர சொல்லி முடிக்கிறதுக்குள்ள “உங்கள் அமர்வு காலாவதியானது”ன்னு வெளிய தள்ளிருச்சு. மறுபடி முதல்லருந்து. “அமர்வுன்னா என்ன”ன்னு ஆச்சி கேட்டாங்க. நான் என்ன சொல்றது? மூணாவது தடவை சர்வர் டவுன். மதியம் வெயில்ல கெளம்பி போய்ட்டு மறுநாளும் வந்தாங்க, அன்னிக்கும் முடியல, மூணாவது நாளுதான் ஒப்புகை சீட்டு கைக்கு வந்துச்சு. மூடுன உங்க கவுன்ட்டர்ல இதே வேலைக்கு, வரிசையில நிக்கிற நேரத்தையும் சேத்து, ஒரு மணி நேரம் ஆகும். அங்க இருந்த கிளார்க் பாரத்துல ஒரு கட்டம் விட்டுப்போச்சுன்னா “இங்க தேதி போடுங்கம்மா”ன்னு விரல வச்சு காட்டுவாரு. உங்க தளம் அந்த விரல வைக்கறதில்ல, நான் கேக்குறது முழுக்க அந்த விரலத்தான்.

இத நானா கண்டுபிடிச்சு சொல்லல. அன்னையிலருந்து ரெண்டு வாரம் ராத்திரி கடைய சாத்திட்டு உக்காந்து படிச்சேன். ஜேக்கப் நீல்சன்னு ஒரு ஆராய்ச்சியாளரு 1994லயே, கம்ப்யூட்டர் திரைய ஜனங்களுக்கு சுலபமா வடிவமைக்க பத்து விதி எழுதி வச்சிருக்காரு. தப்பு நடக்கவே விடாத மாதிரி வடிவமைக்கணும், நடந்தா என்ன தப்பு, எப்படி சரி பண்றதுன்னு சாதாரண பேச்சு மொழியில சொல்லணும், தெரியாம அமுக்குனத திரும்ப வாங்க வழி வேணும்னு அதுலயே இருக்கு. முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. உங்க தளத்துல போட்டோ ஏத்தும்போது “செல்லாத கோப்பு”ன்னு மட்டும் செவப்புல வருது. சைஸ் பெருசா, சின்னதா, வேற வகையான பைலா, ஒண்ணும் சொல்றதில்ல. 20 கேபிக்கு மேல 50 கேபிக்குள்ள இருக்கணும்ங்கிறது பதினாலு பக்க வழிகாட்டி பிடிஎப்ல ஒம்பதாவது பக்கத்துல இருக்கு. அத அந்த கட்டத்துக்கு கீழயே ஒரு வரி எழுதிட்டா ஒரு நாளைக்கு என் கடையில மட்டும் எத்தனையோ பேருக்கு அரை மணி நேரம் மிச்சமாகும். அதவிட, தளமே போட்டோவ சுருக்கிக்கிட்டா இன்னும் நல்லது. 50 கேபி, 100 கேபின்னு கணக்கு பாக்குற வேலை மெசினோடது, எழுபது வயசு ஆளோடது இல்ல.

நேரம் முடிஞ்சு வெளிய தள்ளுறதுக்கும் உலக அளவுல விதி இருக்கு. இணையத்துக்கு பொது விதி வகுக்குற டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் தளத்த பயன்படுத்த முடியணும்னு போட்ட அணுகுதன்மை வழிகாட்டி, 2008ல வந்த அதோட ரெண்டாவது பதிப்புலருந்தே சொல்லிட்டு வருது: நேரம் முடியப் போகுதுன்னு முன்கூட்டியே சொல்லணும், குறைஞ்சது 20 செகண்டு குடுக்கணும், ஒரே அமுக்குல நீட்டிக்க விடணும், அதுவும் குறைஞ்சது பத்து தடவை நீட்டிக்க முடியணும். அதுல இது மேல்படி விதி இல்ல, அடிப்படை விதி, முதல் படி. 2023 அக்டோபர்ல வந்த 2.2 பதிப்புல இன்னொண்ணும் சேத்திருக்காங்க, ஒரே வேலையில ஒரு தடவை குடுத்த தகவல மறுபடி டைப் அடிக்க வைக்கக்கூடாதுன்னு. உங்க பாரத்துல முகவரி மூணு இடத்துல கேக்குறீங்க. மூணும் ஒரே வீடு.

நம்ம நாட்டுலயும் அரசு தளங்களுக்குன்னு தனி வழிகாட்டி 2009லருந்து இருக்கு, மூணாவது பதிப்பு 2023ல வந்துருச்சு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல வந்துச்சு. 2025 ஏப்ரல் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைய எல்லாராலயும் பயன்படுத்த முடியறதுங்கிறது அரசியலமைப்பு 21ஆவது பிரிவு குடுக்குற வாழும் உரிமையோட ஒரு பகுதின்னே சொல்லிருச்சு. அதனால நான் கேக்குறத சலுகைன்னு எடுத்துக்காதீங்க.

பேரு விசயத்துக்கு வர்றேன், இது எங்க பக்கத்துல ரொம்ப பெரிய தலைவலி. “கடைசி பெயர்”ன்னு ஒரு கட்டம் வச்சு அத கட்டாயம்னு போட்டிருக்கீங்க. தமிழ்நாட்டுல எத்தனை பேருக்கு கடைசி பேரு இருக்கு? இனிசியல்தான் இருக்கு. சரி, இனிசியல போடலாம்னா புள்ளி வச்சா “சிறப்பு எழுத்துக்கள் அனுமதி இல்லை”ங்குது. செட்டிநாட்டுல இனிசியல்னா ஒரு எழுத்தோட நிக்காது, விலாசம்னு சொல்லுவோம், அப்பா, தாத்தா, அவங்க முன்னோருன்னு மூணு நாலு தலைமுறை எழுத்து வரிசையா வரும், நடுவுல புள்ளி வரும். அது அந்த குடும்பத்தோட அடையாளம், அந்த காலத்துல பணம் அனுப்புற உண்டியல் சீட்டுலயும் கடிதத்துலயும் அந்த நாலெழுத்த பாத்தே எந்த ஊரு எந்த வீடுன்னு சொல்லிருவாங்க. ஆதார்ல புள்ளியோட இருக்கு, பாஸ்புக்ல இடம் விட்டு இருக்கு, உங்க தளம் புள்ளிய எடுக்க சொல்லுது, எடுத்தா “ஆதாருடன் பெயர் பொருந்தவில்லை”ங்குது. நீங்க சொன்னபடி செஞ்சதுக்கு நீங்களே தள்ளுபடி பண்றீங்க. கடைசி பேரு இல்லாதவங்களுக்கு நான் என்ன பண்றேன் தெரியுமா, அந்த கட்டத்துல அவங்க பேரையே இன்னொரு தடவை போடுறேன், இல்லன்னா நகராது. அது உங்க பதிவேட்டுல பேரு ரெண்டு தடவை ஏறி, நாளைக்கு அதுவே ஒரு பிரச்சனையா வந்து நிக்கும். முழுப்பேருன்னு ஒரே ஒரு கட்டம் வச்சு, ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே போட விட்டா என்ன கொறஞ்சிரும்?

பிறந்த தேதியும் அப்படித்தான். டைப் பண்ண முடியாது, காலண்டர தொறந்து தேடி அமுக்கணும். காலண்டர் இந்த மாசத்துல தொறக்குது, ஒரு அம்புக்குறிய அமுக்குனா ஒரு மாசம் பின்னாடி போகும். 1949ல பிறந்தவங்களுக்கு 900 தடவைக்கு மேல அமுக்கணும். வருசத்த மாத்துறதுக்கு குறுக்கு வழி ஒண்ணு இருக்குன்னு எனக்கு தெரியும், தலைப்புல வருசத்து மேல அமுக்கணும், ஆனா அங்க அமுக்கலாம்னு காட்டுற ஒரு கோடு, ஒரு அடையாளம் எதுவும் இல்ல, நானே ரெண்டு நாள் கழிச்சு தற்செயலா கண்டுபிடிச்சேன். அந்த காலத்து ஆளுங்க பல பேருக்கு ஆதார்லயே வருசம் மட்டுந்தான் இருக்கு, நாளும் மாசமும் இல்ல, அவங்களுக்கு உங்க தளத்துல வழியே கிடையாது. தேதி, மாசம், வருசம்னு மூணு வெறும் கட்டம் வைங்க, டைப் அடிச்சிட்டு போறாங்க.

தமிழ் பக்கத்துல இன்னும் நெறைய இருக்கு. முகவரிக்கு கீழ “நிலை”ன்னு ஒரு கட்டம், மாநிலம்னு இருக்க வேண்டியது. விண்ணப்பம் எதுவரைக்கும் போயிருக்குன்னு பாக்குற இடத்துலயும் அதே “நிலை”. முதல் பக்கத்துக்கு போற இடத்துல “வீடு”. சுற்றறிக்கை சிலது பழைய எழுத்துருவுல அடிச்சதால போனுல தொறந்தா கட்டங்கட்டமா தெரியுது, எந்த போனுலயும் சரியா தெரியுற யூனிகோட் எழுத்து முறைய தமிழ்நாடு அரசு 2010லயே ஏத்துக்கிட்டாச்சு. தமிழ்ல இருக்குங்கிறது மட்டும் போதாதுங்க, தமிழ் பேசுற ஒருத்தருக்கு புரியணும். ஒரு தமிழாசிரியரும் ஒரு கிளார்க்கும் ஒரு மத்தியானம் உக்காந்தா உங்க நாலு பக்கத்தையும் நல்ல தமிழ்ல எழுதி குடுத்துருவாங்க.

எங்க ஊரு வீடுகள நீங்க பாத்திருப்பீங்க, பாக்கலன்னா ஒரு தடவை வந்து பாருங்க. ஒரு தெருவுல வாசல், அடுத்த தெருவுல கொல்லைக் கதவு, அவ்வளவு நீளம். ஆனா முன்வாசல்ல நின்னீங்கன்னா திண்ணை, முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு ஒண்ணுக்கு நேரா ஒண்ணு கதவு, பின்வாசல் வெளிச்சம் வரைக்கும் நேரா தெரியும். புதுசா வந்த ஆளுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்ல. கணக்கு பேச வந்தவரு எங்க உக்காரணும், கல்யாணத்துக்கு வந்தவங்க எங்க எல வாங்கணும்னு வீடே சொல்லிரும். கட்டுன கொத்தனார் அந்த வீட்டுல யாரு நடக்கப் போறாங்க, எத்தனை பேரு வருவாங்க, மழைத்தண்ணி எங்க விழுந்து எங்க போகும்னு யோசிச்சு கட்டுனதால வந்தது அது. உங்க தளத்து வாசல்ல நின்னா என்ன தெரியுது? ஆறு பெரிய போட்டோ மாறி மாறி ஓடுது, எல்லாம் விழா போட்டோ, ஊர்ப்பக்கம் டவர் கிடைக்காத இடத்துல அது வர்றதுக்கே ரெண்டு நிமிசம். அதுக்கு கீழ ஓடுற எழுத்து, “புதியது”ன்னு மின்னுற படம். ஜனங்க தேடி வர்ற புதுப்பிப்பு, வலது ஓரத்துல சின்ன எழுத்துல பதினேழாவது வரியா இருக்கு. எண்ணி பாத்துட்டுத்தான் சொல்றேன். வர்றவங்கள்ல பெரும்பாதி பேரு எதுக்கு வர்றாங்கன்னு உங்க சர்வர் கணக்குலயே இருக்கும், அதுல முதல் மூணு வேலைய முகப்புல பெருசா வைங்க, மத்தது உள்ள இருக்கட்டும்.

பாஸ்வேர்டு பத்தி சொல்ல எனக்கே பயமா இருக்கு, ஆனா சொல்லித்தான் ஆகணும். 90 நாளைக்கு ஒரு தடவை மாத்த சொல்றீங்க, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், குறியீடு எல்லாம் வேணும், பழச மறுபடி போடக்கூடாது. வருசத்துக்கு ஒரு தடவை வர்ற தளத்துக்கு இது. வயசானவங்க யாரும் ஞாபகம் வச்சுக்க முடியாது, “நீயே எழுதி வச்சுக்கத்தா”ன்னு சொல்லிட்டு போயிருவாங்க. என் மேசை டிராயர்ல ஒரு நோட்டு இருக்கு, அதுல முந்நூறு பேருக்கு மேல பாஸ்வேர்டு இருக்கு. நான் பூட்டி வச்சிருக்கேன், யாருக்கும் காட்டுனதில்ல, ஆனா என்ன மாதிரி கடை எத்தனை இருக்கு, எல்லா டிராயரும் பூட்டியிருக்குமா? ஓடிபியையும் அப்படியே வாய்விட்டு சொல்லி பழகிட்டாங்க, உங்க தளம் பழக்கி விட்டுருச்சு, நாளைக்கு எவனாவது போன் பண்ணி கேட்டாலும் சொல்லுவாங்க. பாதுகாப்புக்காகத்தான் இப்படின்னு உங்க ஆளு ஒருத்தரு சொன்னாரு. அமெரிக்க அரசோட தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017லயே, காரணமில்லாம நாள் கணக்கு வச்சு பாஸ்வேர்ட மாத்த சொல்லாதீங்க, குறியீடு வேணும் நம்பர் வேணும்னு கலவை விதியும் போடாதீங்கன்னு வழிகாட்டியில எழுதிருச்சு. பயன்படுத்த கஷ்டமா வச்சா ஜனங்க சுத்து வழி தேடுவாங்க, அந்த சுத்து வழியிலதான் திருட்டு நடக்கும்.

இன்னொரு தம்பி வருவாரு, இங்க காலேஜ்ல பி.ஏ. படிக்கிறாரு, பார்வை இல்ல. போனுல திரையில இருக்குறத வாசிச்சு சொல்ற டாக்பேக் வச்சு எல்லாம் தானே பாத்துக்குவாரு, யாரோட உதவியும் கேக்க மாட்டாரு. உங்க தளத்த என் முன்னாடி தொறந்தாரு. போன் படிக்குது, “லேபிள் இல்லாத பட்டன், லேபிள் இல்லாத பட்டன், லேபிள் இல்லாத பட்டன்”. பதினோரு தடவை. கடைசியில கேப்சா, கோணல்மாணலா எழுத்து, ஒலி வடிவம் கிடையாது. கண்ணு நல்லா இருக்குற எனக்கே அது நம்பர் ஒண்ணா, இங்கிலீஷ் ‘எல்’ எழுத்தான்னு தெரியறதில்ல. “எல்லாமே நான்தான்க்கா பண்ணிக்குவேன், இதுல மட்டும் வாசல்லயே நிறுத்திட்டாங்க”ன்னாரு. ஒரு பட்டனுக்கு பேரு வைக்கிறது புரோகிராம் கோடுல ஒரு சின்ன வரி, டீம்ல இருக்குறவங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல.

பணம் கட்டுற இடத்துல நின்னு போறது பத்தி தனியா மனு குடுத்திருக்கேன், அதனால இங்க ரெண்டே வரி. பணம் கணக்குலருந்து போயிருச்சா இல்லையான்னு சொல்லாம சுத்திக்கிட்டே இருக்குற பக்கத்தால ஜனங்க ரெண்டு தடவை கட்டுறாங்க. பணம் போய் வேலை நடக்கலன்னா குறிப்பிட்ட நாளுக்குள்ள தானா திரும்ப வரணும்னு ரிசர்வ் வங்கி 2019ல போட்ட விதிய அந்த பக்கத்துலயே ஒரு வரி எழுதி வைங்க, பயந்து போய் நிக்க மாட்டாங்க.

இதுக்கு முன்னாடி மூணு தடவை கடிதம் போட்டேன், ரெண்டு தடவை நேர்லயும் வந்தேன். “யூசர் மேனுவல் இருக்கே”ன்னாங்க. “விழிப்புணர்வு முகாம் போடுறோம்”னாங்க. வீடியோ கால் பேசத் தெரிஞ்ச, கடையில ஸ்கேன் பண்ணி பணம் அனுப்பத் தெரிஞ்ச ஆச்சிக்கு என்ன விழிப்புணர்வு வேணும்? அதெல்லாம் அவங்களுக்கு யாரும் முகாம் போட்டு சொல்லித்தரல, தொறந்தாங்க, புரிஞ்சுது, பழகிட்டாங்க. பாரம் நிரப்ப முகாம் வேணும்னா அந்த பாரத்துலதான் கோளாறு.

நான் கேக்குறத இப்ப நேரா சொல்றேன். முதல்ல, மூடுன கவுன்ட்டர தொறங்க. வாரத்துல ரெண்டு நாளு போதும், தளம் சரியாகுற வரைக்கும் பேப்பர் பாரமும் ஓடட்டும், 70 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுக்கப்புறமும் ஓடட்டும். பாதியில சேமிக்கிற வசதிய திரும்ப குடுங்க, பழைய தளத்துல இருந்ததுதான, இல்லாதத கேக்கல. வெளிய தள்ளுறதுக்கு முன்னாடி கேளுங்க, ஓடிபி நேரத்த பத்து நிமிசமாக்குங்க. பேருக்கு ஒரே கட்டம், புள்ளிக்கு அனுமதி, தேதிய டைப் அடிக்க விடுங்க, வருசம் மட்டும் தெரிஞ்சவங்களுக்கும் ஒரு வழி வைங்க. ஒவ்வொரு பிழைச் செய்தியையும் அந்தந்த கட்டத்துக்கு கீழயே தமிழ்ல, என்ன செய்யணும்னு எழுதுங்க. கேப்சாவ எடுங்க, பட்டனுக்கெல்லாம் பேரு வைங்க, 90 நாள் விதிய விடுங்க.

அப்புறம் ஒண்ணு, எனக்கு இதுதான் எல்லாத்தவிட முக்கியம். டீம்ல ரெண்டு பேரு ஒரு நாள் என் கடைக்கு வாங்க. சொல்லித்தர வேண்டாம், விளக்க வேண்டாம், பேசவே வேண்டாம், அந்த பெஞ்சுல உக்காந்து வர்றவங்க உங்க தளத்துல என்ன பண்றாங்கன்னு பாருங்க, எந்த இடத்துல கை நிக்குது, எந்த வார்த்தையில புருவம் சுருங்குதுன்னு மட்டும் எழுதிக்கிட்டு போங்க. அஞ்சு பேர வச்சு பாத்தாலே பெரும்பாலான குறை வெளிய வந்துரும்னு அதே நீல்சன் 2000ல எழுதியிருக்காரு. என் கடைக்கு காலையில பதினோரு மணிக்குள்ள அஞ்சு பேரு வந்துருவாங்க. பல்லவன் ரயில்ல ஏறுனா மதியத்துக்கு மேல சென்னையிலருந்து கெளம்பி ராத்திரிக்குள்ள காரைக்குடி வந்துரலாம், தங்க இடம் நான் பாத்து தர்றேன், சாப்பாடு எங்க வீட்டுல.

இந்த மடல் கைக்கு வந்து முப்பது நாளுக்குள்ள எழுத்து மூலமா பதில் எதிர்பாக்குறேன், எது எப்ப சரியாகும்னு தேதியோட.

ஆச்சியோட விண்ணப்பத்துல கையெழுத்து தெளிவா இல்லன்னு நேத்து திருப்பி அனுப்பிட்டீங்க. அடுத்த மாசம் 10ஆம் தேதி மறுபடி வர்றாங்க, இந்த தடவை அவங்க கையாலயே போட வைக்கணும்னு இருக்கேன். மத்ததுக்கெல்லாம் நேரம் ஆகும்னா எடுத்துக்கங்க. அந்த “தெளிவு” பட்டன மட்டும் 10ஆம் தேதிக்குள்ள எடுத்துருங்க.

இப்படிக்கு,
செக்காலை ஜெராக்ஸ் கடைக்காரி,
காரைக்குடி